பாதி துரு, பாதி பளபளப்பு

ஞாயிறு, காலை 7.40.

பு.முட்லூர் தாண்டியதும் வரும் வேகத்தடையில், அப்துல் வதூதின் முன் சக்கரம் அவரை விட்டுவிட்டுத் தனியாகச் சிதம்பரம் நோக்கிப் போனது. முப்பதடி உருண்டு ஒரு வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது. வதூது அவ்வளவு தூரம் போகவில்லை. சக்கரமில்லாத ஃபோர்க்கின் இரும்புக் கவை தாரில் குத்திக்கொள்ள, ஹேண்டிலுக்கு மேலாகப் பறந்து இடது தோளில் இறங்கினார். காறை எலும்பு இரண்டு துண்டு.

வதூதுக்குக் கடலூரில் ஜவுளிக்கடை, ஐம்பத்தாறு வயது. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னபோது, நடப்பது மரியாதையாக இல்லை என்று சைக்கிள் வாங்கியவர்.

காலை 11.40.

சிதம்பரத்தை ஒட்டிய ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள் நௌஷீன் நுழைந்தபோது, அவள் தம்பி ரஃபீக் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ரஃபீக்குக் கடலூரில் சைக்கிள் கடை. நௌஷீனுக்கு அண்ணாமலை நகரில் வீடு, பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை. இரும்புக் கம்பிகளை இயந்திரத்தில் மாட்டி அறுந்துபோகும் வரை இழுப்பாள். அறுந்ததும், எப்படி அறுந்தது என்று நோட்டில் எழுதுவாள். இதற்குப் பதினொரு வருடமாகச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அவள் உம்மா இன்னும் நம்பவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் பவானி ஒரு தாளைத் தள்ளிவைத்தார். "படிச்சுப் பாருங்க."

கடலூர் சைக்கிள் கிளப் சார்பில் எழுதப்பட்ட புகார். கீழே மூன்று கையெழுத்து. சனிக்கிழமை மாலை வதூதின் சைக்கிளைச் சர்வீஸ் செய்த ரஃபீக், மட்டமான உதிரிபாகத்தை மாட்டி உயிரோடு விளையாடிவிட்டான். கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும். 'கடும்' என்ற சொல்லுக்கு இரண்டு அடிக்கோடு.

"நாலு மணிக்கு எஃப்.ஐ.ஆர். போட்டுடுவேன்" என்றார் பவானி.

"லாத்தா, அடுத்த வாரம் பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன், ஒங்க வீட்டு அட்ரஸுக்கு, இந்த ஸ்டேஷன்லேர்ந்துதான்" என்றான் ரஃபீக் அக்காவிடம் மெல்ல. தோஹாவில் ஒரு சைக்கிள் கடையில் அவனுக்கு வேலை தயாராக இருந்தது. "கேஸு இருந்தா எல்லாம் போச்சு."

"அழுவாத. என்ன மாட்டுன?"

"ஸ்கீவர்தான்."

சக்கரத்தின் அச்சுக்குள் நுழைந்து ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய கம்பிக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் ஸ்கீவர். ஒரு முனையில் லீவர், மறுமுனையில் நட்டு. கழற்ற ஸ்பானர் வேண்டாம். ஒரு நிமிடம் போதும். அதுதான் அதன் சௌகரியம். அன்றைக்கு அதுதான் தொந்தரவும்.

"ஆனா உடைஞ்சு கெடக்குறது நான் போட்டது இல்ல" என்றான் ரஃபீக். "நான் போட்டது மூடின தலை. லீவர் சுழல்ற எடம் முழுக்க இரும்புக்குள்ள இருக்கும், மண்ணு போவாது, லேசா அமுக்குனாலே கெட்டியாப் புடிக்கும். கடைசியா ஒண்ணுதான் கையில இருந்துச்சு, அத பாய் வண்டிக்குப் போட்டேன். இது தெறந்த தலை, பிளாஸ்டிக் வாஷர். இத என் கடையில நான் வெக்கிறதே இல்ல."

"ரெண்டும் கருப்பு, ரெண்டுலயும் லீவர் இருக்கு" என்றார் பவானி.

"வதூது பாயும் காக்கி பேண்ட், நீங்களும் காக்கி பேண்ட்தான் மேடம். அவரு ஸ்டேஷன் நடத்துறாரா?"

நௌஷீன் தம்பியின் காலை மிதித்தாள்.

பகல் 12.15.

உடைந்த கம்பியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். நட்டுக்குள் நுழையும் இடத்தில், மரையின் முதல் பள்ளத்திலேயே அறுந்திருந்தது. அறுந்த முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு டீக்கறை போலப் பழுப்பு. மீதி, கடையில் அன்று வாங்கிய பாத்திரம்போல் பளபளப்பு.

லீவரின் வளைவுக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது, ஓரத்தில் ஒரு பொட்டு சிவப்பு. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"கிரீஸ்" என்றார் பவானி.

"ம்" என்றாள் நௌஷீன்.

கையெழுத்துப் போட்ட மூவரும் தங்கள் சைக்கிள்களோடு ஸ்டேஷன் வளாகத்தில்தான் இருந்தார்கள். அன்றைய பயணக் கணக்கு மூவர் வாயிலும் ஒன்றே. 5.30க்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கிளம்பினார்கள். 6.20க்கு ஆலப்பாக்கத்தில் இட்லி. சைக்கிள்களைக் கடையின் பின்சுவரில் சாய்த்துவைத்தார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாது. 6.45க்கு மறுபடி கிளம்பும் முன், மூவரும் தனித்தனியே ஒருமுறை வெளியே போய்வந்தார்கள். வதூது மட்டும் எழுந்திருக்கவில்லை. இட்லிக்குப் பிறகு வடை வந்தது.

பகல் 1.00.

சிலம்பரசன், வயது இருபத்துமூன்று. குடிகாடு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கிளப்பில் எல்லாரையும்விட வேகம்.

"வெளிய எதுக்குப் போன?" பவானி கைகாட்ட, நௌஷீன்தான் கேட்டாள்.

"காத்து அடிக்கக்கா."

"வதூது பாய் மேல கோவம் உண்டா?"

"உண்டு. ஆமை மாரி வருவாரு. அவருக்காகக் காத்துக் காத்து எனக்கு டீ செலவு ஜாஸ்தி. அதுக்காவ ஆள விழவைப்பனா? விழுந்தா இன்னும்ல காத்துக் கெடக்கணும்!"

அவன் வண்டியில் புதன்கிழமை ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டுகள் காய்ந்து கிடந்தன. ஹேண்டிலில் ஒன்று, முன் லீவரில் ஒன்று, பின் லீவரில் ஒன்று. சோம்பேறியின் பக்தி.

பகல் 1.25.

வினோதினி, பள்ளி ஆசிரியை.

"நான் ஃபோன் பேசப் போனேன். என் வீட்டுக்காரர் தோசைக்கல்லு எங்கன்னு கேட்டாரு."

"எங்க இருந்துச்சு?"

"அடுப்பு மேல."

அவள் சைக்கிள் பழைய மாடல். சக்கரங்களில் லீவரே கிடையாது, சாதாரண நட்டு. பதினைந்தாம் நம்பர் ஸ்பானர் இல்லாமல் எதுவும் அசையாது.

பகல் 1.50.

வைத்திலிங்கம், ஓய்வுபெற்ற அதிகாரி, கிளப்பின் பாதுகாப்புச் செயலாளர். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் ஹெல்மெட் பற்றி இருபது நிமிடம் பேசுவார். புகாரை எழுதியவரும் அடிக்கோடு போட்டவரும் அவரே.

"வெளிய போனது?"

"எல்லா வண்டியும் ஒழுங்கா இருக்கான்னு ஒரு பார்வை. அது என் கடமைம்மா."

"வதூது வண்டியில எதும் தெரியலையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. இந்தப் பையன் போட்ட சாமான் உள்ளுக்குள்ள மோசம், வெளிய எப்படித் தெரியும்? லீவர மடக்குனா மட்டும் போதும்பானுங்க இந்த மெக்கானிக்குங்க. நான் நம்ப மாட்டேன். மடக்குன பொறவும் அந்த லீவரையே புடிச்சு நட்டு மாதிரி இன்னும் நாலு சுத்து இறுக்கிடுவேன்."

பெஞ்சில் ரஃபீக் கண்ணை மூடிக்கொண்டான். பல்வலிக்காரன் முகம்.

வைத்திலிங்கத்தின் சைக்கிள் ஆயுத பூஜையை முழுதாக அனுபவித்திருந்தது. ஹேண்டில், மணி, சீட், இரண்டு பெடல், செயின் மூடி, காற்றடிக்கும் பம்ப், தண்ணீர் பாட்டில், பின் சக்கர லீவர், ஹெல்மெட்டின் நெற்றி. நௌஷீன் பத்துப் பொட்டு எண்ணினாள். பிறகு குனிந்து ஃபோர்க்கின் அடியில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போனாள்.

மாலை 3.50.

எல்லாரையும் மேஜையைச் சுற்றி நிற்கவைத்தார் பவானி. பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"மேடம், இந்தக் கம்பி இன்னிக்கு ஒடையல" என்றாள் நௌஷீன். "இன்னிக்கு ஒடைஞ்சு முடிஞ்சுது. பழுப்பா இருக்குறது பழைய கீறல். வாரக்கணக்கா மெல்ல மெல்லப் பொளந்து, கடல்காத்தும் தண்ணியும் உள்ள போயி துருப்புடிச்சிருக்கு. பளபளன்னு இருக்குற கொஞ்சம்தான் இன்னிக்கு வரைக்கும் தாங்குச்சு. அத வேகத்தடை முடிச்சுவிட்டுச்சு. சனிக்கிழமை சாயங்காலம் போட்ட புதுக் கம்பி, ஒரு ராத்திரியில அறுந்த முகம் வரைக்கும் துருப்புடிக்காது."

"பழசத் தூக்கிப் புதுசுன்னு உங்க தம்பி மாட்டியிருக்கலாமே?"

"மாட்டியிருக்கலாம்" என்றாள் நௌஷீன். ரஃபீக் நிமிர்ந்து பார்த்தான். "அதான் இத மோந்து பாருங்க."

பவானி லீவரை மூக்கருகே கொண்டுபோனார். புருவம் ஏறியது. "சந்தனம்."

"சந்தனமும் குங்குமமும். புதன்கிழமை இந்த லீவர், பூஜை போட்ட ஒரு வண்டியில இருந்திருக்கு. வதூது பாய் வீட்டுல ஆயுத பூஜை கெடையாது. அப்ப புதன்கிழமைக்கு அப்புறம் யாரோ தன்னோடத அவுரு வண்டியில மாட்டிட்டு, அவுரோடத எடுத்துக்கிட்டாங்க. அவுரு வீட்டுல ஃபோன் பண்ணிக் கேட்டேன், பாய் வண்டி ராத்திரி முழுக்க வீட்டுக்குள்ள பூட்டிக் கெடந்துது. கண்ணு மறைவுல நின்னது ஆலப்பாக்கத்துல மட்டும்தான். வினோதினி மேடம் வண்டியில லீவர் இல்ல, மாத்திக்க முடியாது. சிலம்பரசன் வண்டியில ரெண்டு லீவர்லயும் பொட்டு அப்படியே இருக்கு."

அவள் திரும்பினாள்.

"சார், உங்க வண்டியில பம்புக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க, தண்ணி பாட்டிலுக்கு வெச்சிருக்கீங்க. முன் லீவருக்கு மட்டும் எங்க?"

"அ... அழிஞ்சிருக்கும்."

"மிதிக்கிற பெடல்லயே அழியல சார்."

சிலம்பரசன் அதற்குள் வெளியே ஓடி அந்த லீவரை விரித்து நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். கம்பியை உருவி உள்ளே கொண்டுவந்தான். மூடின தலை, எண்ணெய் காயாத புது இரும்பு.

"என் பீஸு!" என்றான் ரஃபீக்.

வைத்திலிங்கம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ரெண்டு வாரமா எவ்வளவு சுத்தினாலும் லூசாவே இருந்துச்சு. நேத்து ராத்திரி இவனுக்கு ஃபோன் பண்ணேன், கடைசிப் பீஸு வதூதுக்குப் போயிடுச்சு, செவ்வாக்கெழமை வரும்னுட்டான். பயணத்துக்குத் தலைமை நான், எப்படி வராம இருக்குறது? வதூது மெதுவாத்தானே ஓட்டுவாரு... செவ்வாக்கெழமை வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன்."

"அவரு எலும்பும் செவ்வாக்கெழமை வரைக்கும் தாங்கும்னு நெனச்சீங்களா?" என்றாள் வினோதினி.

"ஏன் சார் லூசாச்சு தெரியுமா?" என்றான் ரஃபீக். நாள் முழுக்க அடக்கிவைத்தது. "லீவரப் புடிச்சுத் திருவுனா மரை இழுத்துக்கிட்டு நீளும், கம்பி களைச்சுப் போயிடும். அதுக்குப் பேரு இறுக்குறது இல்ல, கொல்றது. நட்ட அளவா வெச்சுட்டு லீவர மடக்கணும். மடக்கும்போது உள்ளங்கையில தடம் விழணும், அவ்வளவுதான். வாங்குறப்ப மூடின தலையாப் பாருங்க, கம்பியும் நட்டும் இரும்பான்னு பாருங்க, கம்பி, நட்டு மரை முழுக்கப் புடிக்கிற நீளமான்னு பாருங்க. கலர் பாக்காதீங்க."

பவானி ரஃபீக் பக்கம் திரும்பினார். "எம் பையன் வண்டியில பிளாஸ்டிக் வாஷர்தான் இருக்குன்னு நெனைக்கிறேன்."

"செவ்வாக்கெழமை வாங்க மேடம்."

"வெரிஃபிகேஷனுக்கு நானே வரேன், அப்பப் பாத்துக்கலாம்."

அப்புறம் புகார்த் தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து இரண்டு அடிக்கோடு வரை நிதானமாகப் படித்தார். பேனாவோடு சேர்த்து வைத்திலிங்கத்தின் முன் நகர்த்தினார்.

"நல்லாவே எழுதியிருக்கீங்க சார், ஒரு குறையும் இல்ல. ரஃபீக்னு இருக்குற எடத்துல மட்டும் உங்க பேர எழுதிக் குடுங்க."