முந்திப் போன ரயில்

“வேம்புலி சைக்கிளைத் திருடினதை நீயே பார்த்தியா, இல்ல எல்லாரும் சொல்றாங்களா?” என்று பஞ்சவர்ணம் கேட்டபோது வசந்தகுமாரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. துப்பறிவதென்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா எப்போதும் இப்படித்தான், ஊசி போலக் கேட்பாள்.

ஆவடியில் அந்த லைன் வீடுகளுக்குப் பால் ஊற்றும் வேம்புலி, தளும்பும் கேனோடு வாசலில் நின்றான். “இன்னிக்கி ஒரு ஊட்லகூட பால் வாங்கல அக்கா. நான் திருடனாம். மாட்ட வித்துட்டு ஊர உட்டுப் போவ வேண்டியதுதான்.”

“நேத்து அம்பத்தூர் ஓட்டலுக்குப் பால் கொண்டுட்டு எதுல போனே?” என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

“எப்பவும் போற ரயில்லதான்கா.”

“அங்கதான் மாட்டிக்கினான்!” என்று குதித்தாள் வசந்தகுமாரி. “நேத்து ரயில் முன்னாடியே பூட்ச்சி. மில்லு சங்கு ஊதினதும் கிளம்பின நம்ம ஆம்பளைங்க அத்தினி பேரும் கோட்டை விட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு பாடியில இருக்கற கம்பெனியில வாங்கின திட்டு இருக்கே! கூட வேல செய்யற லட்சுமணனைப் பாத்துக் கத்துக்கோன்னாராம் மேஸ்திரி. இவன் மட்டும் எப்டி ரயில் புடிச்சான்? சைக்கிள்லதான் போயிருக்கான்!”

சைக்கிளைப் பறிகொடுத்த ரகுநாதனும் வந்துவிட்டார். பின்னால் அவர் மனைவியின் தம்பி லட்சுமணன், அதன் பின்னால் பாதி லைன்.

“நேத்து சங்கு ஊதறப்போ நானே காத்து அடிச்சு நிறுத்தினேன். குளிச்சிட்டு வந்தா காணோம்” என்றார் ரகுநாதன்.

பஞ்சவர்ணம் வசந்தகுமாரியைப் பார்த்தாள். “உன் கடிகாரம் ஒழுங்கா ஓடுதா?”

“அத்த ஏன் கேக்கறே? நேத்து சங்கு ஊதறப்போ கால் மணி முன்னாடி காட்டிச்சு. முள்ளைத் திருப்பி வெச்சேன்.”

“நானும் திருப்பினேன்” என்றார் ரகுநாதன். “நாங்களும்” என்றன நாலைந்து குரல்கள்.

“எல்லா கடிகாரமும் ஒரே ராத்திரியிலயா கெட்டுப்போச்சு?”

பஞ்சவர்ணம் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“ரயில் லேட்டா வந்து பார்த்திருக்கோம். முன்னாடி போய் யாராவது பார்த்திருக்கீங்களா? நேத்து சங்குதான் லேட்டு. உங்க கடிகாரம் எல்லாம் சரியாத்தான் காட்டியிருக்கு. பக்கத்து வீட்ல திருப்பினாங்கன்னு நீங்களும் திருப்பிட்டீங்க. வேம்புலிகிட்ட கடிகாரம் ஏது? பால் ஊத்தி முடிச்சதும் போனான், ரயில் கிடைச்சுது. சங்கு ஊதறப்போ சைக்கிள் ரகுநாதன் சார் கையில இருந்துது. இவன் அதுக்குள்ள ரயில் ஏறியிருப்பான்.”

“அப்ப சைக்கிளு?” என்றாள் வசந்தகுமாரி.

“ரயிலைக் கோட்டை விட்டும் திட்டு வாங்காம பாடி போய்ச் சேர்ந்தது யாருன்னு நீதானே சொன்னே?”

வசந்தகுமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாத் தலையும் லட்சுமணன் பக்கம் திரும்பியது.

“கேட்டா தர மாட்டார்னு எடுத்திருப்பான், பாவம்” என்றாள் பஞ்சவர்ணம் மெதுவாக. “அடுத்த ரயில்ல கம்பெனிக்கு வந்தவங்க சைக்கிள் திருட்டுப் போச்சுன்னு சொன்னதும் பயந்து பாடியிலயே விட்டிருப்பான்.”

ரகுநாதன் மச்சானை முறைத்தார். பிறகு, என்ன தோன்றியதோ, உள்ளே போய்ப் பெரிய குண்டானாக எடுத்து வந்து வேம்புலியின் முன் நீட்டினார். வசந்தகுமாரியும் சொம்பெடுக்க ஓடினாள். அவள் திரும்பி வந்தபோது வேம்புலியின் கேனைச் சுற்றிக் கூட்டம்.

லட்சுமணன் செருப்பை மாட்டிக்கொண்டு, சைக்கிளைக் கொண்டுவர ஸ்டேஷனை நோக்கி நடந்தான்.