மச்சான் கையில் கொடி

கொடியேணியை யாரோ மேலே உருவிவிட்டார்கள்!

குகைவாயில் நின்ற மாசாணன் கையை நீட்டித் துழாவினான். வெறுங்காற்றுதான். கீழே தலைசுற்றும் பள்ளம், மேலே வழுக்குப்பாறை. பின்னால், ஒளித்து வைத்திருந்த வெடிமருந்துப் பானைகளோடு அவன் மனைவி பூவாயி. கரடிமலைக் கோட்டையே அந்தப் பானைகளுக்காகக் காத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் போகாவிட்டால், கும்பினிப் பட்டாளம் கோட்டையை வளைத்துவிடும்.

எல்லாம் தேனில் தொடங்கியது. கும்பினி தேனுக்கு வரி போட்டபோது மலைசனம் முணுமுணுத்தது. காட்டை அடைத்தபோது வயிறெரிந்தது. நியாயம் கேட்கப்போன நாட்டாண்மையைப் புளியமரத்தில் கட்டி அடித்தபோதோ, பொறுத்தது போதும் என்று கோட்டைக்குள் புகுந்து கதவடைத்தது.

தேனெடுக்க இறங்குபவனுக்கு மச்சான்தான் மேலே கொடி பிடிக்க வேண்டும். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் கையை விடுவான்? ஆனால் பூவாயியின் அண்ணன் காத்தையன் கும்பினிச் சிப்பாயாகிவிட்டான். அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று வீறாப்பு பேசிய மாசாணன், கொடியை மரத்தில் கட்டிவிட்டு இறங்கியிருந்தான். மரம் பாவம், யார் அவிழ்த்தாலும் சும்மா நிற்கும்.

மேலே காலடிச் சத்தம். மேலே நிற்பது அண்ணனாக இருந்தால் கைவிடமாட்டான் என்று பூவாயி முணுமுணுத்தாள். வாயை மூடச் சொன்ன புருஷனின் கையைத் தட்டிவிட்டு, தேனெடுப்பவர்கள் இறங்குமுன் கேட்கும் கேள்வியை உரக்கக் கேட்டாள்.

"கொடி யாரு கையில?"

போயிற்று, காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று மாசாணன் தலையில் கைவைத்தபோது, ஏணி சரசரவென்று வந்து விழுந்தது.

"மச்சான் கையில, மாப்ள. ஏணிய உருவச் சொன்ன துரை கீழ கூடாரத்துக்குப் போயிருக்கான். வெரசா ஏறு."

பொறியாக இருக்குமோ? இருந்தாலும் இங்கே கிடந்து சாவதைவிட மேல். ஏறினான். உச்சியில் காத்தையன் கும்பினியின் சிவப்புச் சட்டையில்லாமல் நின்றான். முதுகெல்லாம் சவுக்குத் தழும்பு.

"நெத்தியில திருநீறு பூசுனதுக்கு" என்றான். "நாட்டாண்மைய அடிச்சப்ப பாத்துக்கிட்டு நின்னேன், மாப்ள. அதான் எனக்கு வலிக்குது."

அவனுக்குப் பின்னால், சட்டையைக் கழற்றி எறிந்த சிப்பாய்கள் வரிசையாகக் கொடியைப் பிடித்திருந்தார்கள். பூவாயி வந்தாள், பானைகளும் ஒவ்வொன்றாக வந்தன.

பொழுது சாயுமுன் கோட்டைவாசலை அடைந்தார்கள். கூட வந்திருப்பவர்கள் யார் என்று காவல்காரன் ஈட்டியை நீட்டினான்.

மாசாணனுக்குத் தன் வீறாப்பை நினைக்க வெட்கமாக இருந்தது.

"எல்லாரும் எம் மச்சான்மாருதான், கதவத் தொற" என்றான்.