மூடி வைத்த கண்

ஆடி மாதத்தில் கல்யாணப் போட்டோக்காரனுக்கு வேலை கிடையாது. முத்தியால்பேட்டையில் என் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஈ ஓட்டுவதற்குப் பதிலாக, ஏதாவது நல்ல காரியத்துக்குப் படம் எடுத்துக் கொடுக்கலாமே என்று கிளம்பினேன். எனக்குச் சும்மா இருக்க வராது. என் மனைவி அதை வியாதி என்பாள்.

நான் போனது வைத்திக்குப்பத்தை ஒட்டிய ஒரு பழைய பிரெஞ்சுக்காரர் வீடு. இப்போது முதியோர் இல்லம். வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்களுக்கு அனுப்ப நல்லதாக ஒரு குரூப் போட்டோ வேண்டும் என்று பொறுப்பாளர் மாலா அக்கா போனில் சொல்லியிருந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே நுழைந்ததும் கை கால் சில்லிட்டது. தடித்த சுவர்களில் ஈரம் ஊறியிருந்தது. கடல் காற்றில் கருவாட்டு வாசம் வந்தது. அதற்கு அடியில் ஓடிகொலோன் வாசம் லேசாக இருந்தது. யாராவது வயதானவர்கள் பூசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முற்றத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். முன்வரிசை நடுவில் வசந்தாம்மா உட்கார்ந்தார். தையல் டீச்சராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இல்லத்தில் எல்லோருடைய பட்டனும் கிழிசலும் அவர் கைக்குத்தான் வரும். கண்ணாடி போடாமல் ஊசியில் நூலைக் கோத்து என்னிடம் நீட்டிக் காட்டினார்.

"இந்த வயசுல யாருக்குப்பா இப்புடிக் கண்ணு தெரியுது? எங்கிட்ட மிச்சம் இருக்கற சொத்து இது ஒண்ணுதான்" என்றார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா பேசவில்லை. சாம்பல் நிறப் புடவை, கழுத்தில் சிலுவை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மாலா அக்காவும் ஓடிப்போய்ப் பின்வரிசையில் நின்றுகொண்டார்.

"முன்னாடி உக்காந்திருக்கறவங்க, கண்ணத் தொறங்கம்மா!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். தங்களைத்தான் சொல்கிறேன் என்று ஒவ்வொருவரும் கண்ணை அகலமாகத் திறந்தார்கள். போட்டோவுக்கு நிற்கிறவர்கள் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பதில்லை, கேமராவைத்தான் பார்ப்பார்கள். எத்தனை முறை எடுத்தும் அந்த அம்மா மட்டும் கண்ணைத் திறக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டேன். படத்தில் ஒருவர் கண் மூடியிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் தொழிலில் இதற்கு வழி உண்டு. அதே ஆள் கண் திறந்திருக்கும் வேறொரு படத்திலிருந்து கண்ணை வெட்டி ஒட்டிவிடுவோம். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில் மாமனாருக்குச் சித்தப்பாவின் கண்ணை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தில் இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த அம்மாவுக்கு எந்தப் படத்திலும் திறந்த கண் இல்லை. வசந்தாம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதே நிறம், அதே வயது. அவருடைய கண்ணை எடுத்து இவருக்கு வைத்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது.

சேமித்தேன்.

பக்கத்துப் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. ஸ்டுடியோவுக்குள் ஓடிகொலோன் வாசம் வந்தது.

திரையைப் பார்த்தேன். நான் ஒட்டிய கண்கள் கேமராவைப் பார்த்த கண்கள். இப்போது அவை ஓரமாகத் திரும்பியிருந்தன.

கை தவறியிருக்கும் என்று மறுபடி ஒட்டினேன். மறுபடி திரும்பின. இந்த முறை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பின.

எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே போகவும் மனமில்லை, அப்படியே விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. தெருவில் மேலும் கீழும் நடந்தேன். அப்போதுதான் மாலா அக்கா போன் செய்தார்.

"தம்பி, போட்டோவுக்கு அவசரமில்ல. இங்க வசந்தாம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. பட்டன் தெச்சிட்டிருந்தவங்க, திடீர்னு கண்ணத் தொறக்க முடியலன்றாங்க. டாக்டர் வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்றாரு."

படங்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

வசந்தாம்மா கட்டிலில் மல்லாந்து கிடந்தார். இமைகள் இறுக மூடியிருந்தன. ஒரு கையில் ஊசி அப்படியே இருந்தது.

"யாரோ கட்டவெரலால அமுக்கிப் புடிச்சிருக்காங்கப்பா" என்று முனகினார். "கையி சில்லுனு இருக்கு."

லேப்டாப்பைத் திறந்து, படத்தில் வசந்தாம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவை மாலா அக்காவிடம் காட்டினேன்.

"அக்கா, இவங்கள ஒரு நிமிஷம் கூப்புடுங்க."

மாலா அக்கா பார்த்தார். பார்த்தவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இது ஜெயம்மா."

"எங்க இருக்காங்க?"

"போன வாரம் ஓடிகொலோன் தெளிச்சு அடக்கம் பண்ணிட்டோம். முப்பதாம் நாள் பூசை முடியற வரைக்கும் அவங்க நாற்காலிய எடுக்க வேணாம்னு எல்லாரும் சொன்னாங்க. அது காலியாத்தான் கெடந்துச்சு தம்பி."

மாலா அக்காவின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

"பையன் ஃபாபிரிஸ் பிரான்ஸ்ல. வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டே இருந்தாரு, வரல. உசுரு போயும் கண்ணு மூடல அவங்களுக்கு. வாசல் கேட்டையே பாத்துட்டு இருந்துச்சு. பக்கத்துல உக்காந்து, 'வருவாரும்மா, நீ தூங்கு'ன்னு சொல்லிச் சொல்லி, இந்தக் கையாலதான் மூடுனேன்." அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "நான் மூடி வெச்ச கண்ணு அது. எதுக்குத் தொறந்த?"

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னேன். அழுகை வந்தது. ஒட்டிய கண்களை அழித்தேன். அவை போகவில்லை. கண் ஒட்டாத பழைய படத்தையே மறுபடி திறந்தேன். அதிலும் கண்கள் திறந்தே இருந்தன. திரைக்குள்ளிருந்து கேட்டைப் பார்த்தன.

மாலா அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வாங்கிக்கொண்டார். செத்தவர் முகத்தில் வைப்பதுபோல் உள்ளங்கையைத் திரையில் வைத்தார். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தார்.

படத்தில் கண்கள் மூடியிருந்தன.

கட்டிலில் வசந்தாம்மா கண்ணைத் திறந்தார்.

எனக்கு உயிர் வந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "வசந்தாம்மா, தெரியுதாம்மா?" என்றேன்.

"தெரியுதே" என்றார். தெளிவான குரல். கையிலிருந்த ஊசியை, அது என்னவென்றே தெரியாதவர்போல் தரையில் போட்டார். என்னைத் தாண்டி ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார்.

"எம்புள்ளைக்கி எதுனா எடுத்து வெச்சிருக்கீங்களா? ரொம்ப தூரத்துலேருந்து வர்றான்."

மாலா அக்கா என்னைப் பார்த்தார். எதுவும் பேசாதே என்று கையைக் காட்டினார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தார்.