துரத்திய ஓநாய்

"உர்ர்ர்..."

காதுக்குள் ஓநாய் உறுமியது. மணிக்கட்டுத் திரையில் சிவப்புப் புள்ளி நெருங்கியது. வேகம் குறைந்தால் ஓநாய் கிட்டே வரும். இந்த ஓட்டச் செயலியின் விளையாட்டே அதுதான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி தலைதெறிக்க ஓடினாள். பூங்கா வளைவில், குடையோடு வந்தவன்மேல் மோதினாள்.

"கண்ணு தெரியலையா?" என்றான் அவன்.

ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா!

"நாய் துரத்துதுங்க!"

அவள் மணிக்கட்டுத் திரையைப் பார்த்தான். "நாய் இல்ல, ஓநாய். இந்தச் செயலியே நான் செஞ்சது; அதுவும் என் குரல்தான். எதிரொலி வராம சுவர் பூராப் போர்வையைத் தொங்கவிட்டு, தொண்டை கட்ட உறுமிப் பதிவு பண்ணினது."

"அது நீங்களா? வயித்துவலி வந்த நாய்னுல்ல நெனச்சேன்!"

சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மழைத்துளி படிந்த கண்ணாடிக்குள் அந்தப் பெரிய கண்கள் சுருங்கின... குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுவாரம் ஓநாயைக் காணோம். ஏதோ ஒரு புலி, யாருக்கு வந்த விருந்தோ என்று கத்தியது. அவளுக்குக் கால் எழவில்லை. 'வாய்க்கொழுப்பால இருந்த ஓநாயையும் தொலைச்சியேடி...'

அன்றே வளைவில் அவனை மடக்கினாள்.

"என் ஓநாயைக் குடுங்க."

"வயித்துவலி நாய் எதுக்குங்க உங்களுக்கு?"

"மருந்து நான் பாத்துக்கறேன். தப்பாப் பேசிட்டேன்... போதுமா? இதுக்கு மேல இறங்க மாட்டேன்."

அவன் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது. "போனைக் குடுங்க. நாளைக்கு வந்துரும்."

மறுநாள் தூறல். உறுமல் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. இதுவரை ஓநாயிடம் சிக்கியதே இல்லை. சிக்கினால் என்ன சத்தம் வரும்?

நின்றாள். புள்ளி நெருங்கி... தொட்டது.

உறுமல் இல்லை. தயங்கித் தயங்கி அவன் குரல்: "உங்களை... எனக்கு ரொம்பப் பிடிக்கும். இனிமே சேர்ந்து ஓடலாமா?"

திரும்பினாள். வளைவில், குடையில்லாமல் நனைந்து நின்றான்.

"ஓடுறவங்க எல்லாருக்கும் இதே கேள்விதானா?"

"ஐயோ... உங்க போனுக்கு மட்டும்!"

அவன் கண்ணாடியைக் கழற்றி, தன் துப்பட்டாவின் நனையாத முனையில் துடைத்து, மாட்டிவிட்டாள்.

"இப்ப தெரியுதா?"

"நல்லா..."

"எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு. ஓடுங்க... இன்னைக்கு நான் துரத்துறேன்."

இரண்டடி கூட ஓடவில்லை அவன்.