கழித்த இருட்டு

இருட்டின் கோடு அன்று தட்டையாக இல்லை.

எவாஞ்சலின் அதை முதலில் தூசி என்றுதான் நினைத்தாள். நெய்வேலியில் எது பிசகினாலும் முதல் பழி தூசியின் மேல்தான். கொடியில் காயும் துணியிலும், மூடிவைத்த பீரோவுக்குள்ளும், கழுவிக் கவிழ்த்த டம்ளரின் விளிம்பிலும்கூடப் பழுப்பு நிலக்கரியின் துகள் வந்து உட்கார்ந்துவிடும். கணினித் திரையைப் புறங்கையால் துடைத்தாள். போகவில்லை. குறுக்கே ஓடிய வெள்ளைக் கோட்டின் வலப்பக்கத்தில், துணிக்கு அடியிலிருந்து ஊசி ஒன்று முட்டுவதைப்போல ஒரு சிறு முனை எழும்பி நின்றது.

தானே புயல் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதற்கு அடுத்த வருடம் அது. டவுன்ஷிப்பின் விளிம்பில் இரண்டே அறைகள் கொண்ட ஆய்வுக்கூடம். முன்னறையில் மேசைகளும் பீங்கான் கிண்ணங்களும்; உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது, கதவுக்கு மேல் இரட்டைக் கறுப்புத் திரை. அரிய உலோகங்களின் பொடிகளை அங்கே கண்ணுக்குத் தெரியாத ஊதா விளக்கில் காட்டுவார்கள். பொடி தன் நிறத்தில் ஒளிரும். ஸ்பெக்ட்ரோமீட்டர் அந்த ஒளியைப் பிரித்துக் கணினியில் கோடாகப் போடும். ஒவ்வொரு உலோகத்துக்கும் கைரேகைபோல ஓரிடம் உண்டு. யூரோப்பியத்தின் இடம் அறுநூற்றுப் பன்னிரண்டு நானோமீட்டர். அடர்ந்த சிவப்பு.

ஊசி முனை நின்ற இடமும் அறுநூற்றுப் பன்னிரண்டுதான்.

ஆனால் அது பொடியின் கோடு அல்ல, இருட்டின் கோடு. காலையில் வேலை தொடங்குமுன் விளக்கை அணைத்து, கதவுத் திரையை இழுத்துவிட்டு, வெறும் இருட்டை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். கருவிக்கென்று ஒரு முணுமுணுப்பு இருக்குமல்லவா, அதைப் பிடித்துவைத்து நாள் முழுக்க எல்லா அளவிலிருந்தும் கணினி கழித்துவிடும். ஒளியை வாங்கும் கருவியின் மூக்குக்கு ஒரு மூடி இருந்தது. அது தொலைந்து வருடமாகிறது. அறை இருட்டாக இருந்தால் போதாதா என்று அவள் கணவன் லியோ மூடியில்லாமலே எடுக்கத் தொடங்கினான். அதுவே பழக்கமாயிற்று. எடுத்த இருட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அன்று வயிற்றில் பிள்ளை உதைத்ததில் அவள் கை நழுவி, தவறான கோப்பு திறந்துகொண்டது. அவ்வளவுதான்.

"கார்முகில், ஊதா லேம்ப் ஆஃப்ல தான இருக்கு?"

உதவியாளன் கார்முகில் திரையை விலக்கித் தலையை நீட்டினான். "பிளக்கயே புடுங்கி வச்சிருக்கேன்க்கா. இருட்டுல குந்திகினு இன்னா தேடறீங்க?"

"இருட்டத்தான்."

"அதுக்கு இங்க எதுக்குக்கா வரணும்? இந்த ஊர்ல கரண்டு எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புறாங்க, எங்க குள்ளஞ்சாவடில எட்டு மணி நேரம் இருட்டு. எவ்ளோ வேணும் சொல்லுங்க, தூக்குல அள்ளிகினு வரேன்."

அவள் சிரித்தாள். அவன் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. மூலையில் கிடந்த ரெக்சின் நாற்காலியைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"அந்தச் சேரையாவது தூக்கி வெளிய போட்டுடறேனே. பாக்கவே ஒரு மாதிரி இருக்குக்கா."

"இருக்கட்டும் கார்முகில்."

"கடலூர் போயி நைட்ரஜன் ரொப்பிகினு நாலு மணிக்கு வந்துடுவேன். ரெண்டு மணி ஷிப்டு பஸ்ஸுல நீங்க வூட்டுக்குப் போயிடுங்க. ஏழாம் மாசம், ஒண்டியா குந்தியிருக்காதீங்க."

அவனுடைய வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு, தொலைவில் சுரங்கத்தின் கன்வேயர் அரைத்துக்கொண்டிருக்கும் ஓயாத ஓசை மட்டும் சுவருக்குள்ளிருந்து வருவதைப்போலக் கேட்டது.

லியோ அந்த நாற்காலியில்தான் இறந்தான், அது கணினிமுன் கிடந்தபோது. திரையின் வெளிச்சம் அறையில் பரவாமலிருக்கக் கணினிமேல் கறுப்புத் துணி போர்த்தியிருக்கும். பழைய ஸ்டுடியோ போட்டோக்காரர்போலத் தலையைத் துணிக்குள் விட்டுத்தான் பார்க்க வேண்டும். துணிக்குள் தலை இருந்தபடியே உட்கார்ந்திருந்தான். வேலையாக இருக்கிறான் என்று கார்முகில் ஒரு மணி நேரம் கூப்பிடவேயில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். முப்பத்து நான்கு வயது. முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரத்திலேயே அவனுடைய வேலையை ஒப்பந்தத்தில் இவளுக்குக் கொடுத்தார்கள். அவளும் வேதியியல் படித்தவள்தான். அவன் அளக்காமல் விட்ட பொடிகளை அளந்து முடித்தால் அறிக்கை அவன் பெயரில் வரும். பிறக்கப்போகும் பிள்ளையிடம், உன் அப்பா இது என்று காட்ட அதுவாவது இருக்கும். பிள்ளையைத் தவிர அவன் அவளுக்கு வேறெதையும் விட்டுப் போகவில்லை.

அவள் முந்தைய நாளின் இருட்டைத் திறந்தாள். அதிலும் முனை இருந்தது, சற்றே குட்டையாக. அதற்கு முந்தைய நாளில் இன்னும் குட்டை. ஒவ்வொன்றாகப் பின்னால் போனாள். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் அது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு மேடு. மூன்று மாதங்களாக அது நாள்தோறும் வளர்ந்திருக்கிறது. அவளும் நாள்தோறும் அதை எடுத்துக் கழித்திருக்கிறாள்.

யூரோப்பியம் தானாக ஒளிராது. விளக்கை அணைத்தால் கண்ணிமைக்கும் நேரம்கூடத் தாங்காமல் செத்துப்போகும் சிவப்பு அது. இந்தச் சிவப்பு சாகவில்லை.

அவளுக்குப் பயம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பு, சூப்பர் கண்டக்டர் எனப்படும் மீகடத்தி வேலையில் இருந்தபோது லியோ அவளுக்கு ஒரு வேடிக்கை காட்டியிருந்தான். யூரோப்பியம் கலந்த கறுப்பு வில்லை ஒன்றைத் திரவ நைட்ரஜனில் குளிரவிட்டு, மேலே ஒரு காந்தத் துண்டை விட்டான். புகைக்கு நடுவில் காந்தம் அந்தரத்தில் நின்றது. "தொடாமலே நிக்குது பாத்தியா? உங்கிட்ட நான் நிக்கிற மாதிரி" என்றான். அதையெல்லாம் நினைத்துக்கொண்டு, துணிக்குள் இருந்தபடியே, "லியோ?" என்று மெல்லக் கேட்டாள்.

கேட்டதற்காக வெட்கப்பட்டுக்கொண்டே, அவன் எடுத்த பழைய இருட்டுகள் கிடந்த கோப்புறையைத் திறந்தாள். அவையாவது தட்டையாக இருக்கும். இருந்தால் இது அவன்தான்.

தட்டையாக இல்லை.

அவன் உயிரோடு இருந்த நாட்களிலும் அறுநூற்றுப் பன்னிரண்டில் அதே முனை. ஜனவரியில் மேடு. பிப்ரவரியில் ஊசி. மார்ச்சில் விரல் உயரம். அவனும் திறந்து பார்க்கவில்லை, கழித்திருக்கிறான். கடைசிக் கோப்பு அவன் இறந்த அன்று காலையில் எடுத்தது. அதைத் திறந்தாள்.

தட்டை. ஊசி இல்லை, மேடு இல்லை. அதுவரை அறையில் இருந்தது அன்று அங்கே இல்லை.

அன்று மாலை லியோ இறந்தான்.

எவாஞ்சலின் துணிக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை. எடுத்தால் அறை தெரியும். எடுக்காவிட்டால் அறை முதுகுக்குப் பின்னால் இருக்கும். எது மேல் என்று அவளுக்குத் தெரியவில்லை. காற்றில் நனைந்த நிலக்கரி கனலும் வாடை வந்தது. அதற்கடியில் வேறொரு வாடை. வெயிலில் நின்ற பஸ்ஸின் சீட்டைப்போல, வெகுநேரம் யாரோ உட்கார்ந்து சூடேறிய ரெக்சின்.

கருவியின் மூக்கு சுண்டுவிரல் நீள உலோகக் குழல்; நீண்ட கறுப்புக் கம்பியின் நுனியில் இருந்தது. காலை இருட்டைக் கழிப்பதை நிறுத்திவிட்டு, அதைத் தாங்கியிலிருந்து கழற்றினாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நீட்டுவதைப்போல, துணிக்கு வெளியே, கையை மட்டும் இருட்டுக்குள் நீட்டினாள்.

கதவுப் பக்கம். தட்டை.

அலமாரி. தட்டை.

மூலை. கோடு விறுவிறுவென்று எழுந்தது.

கையை மெல்லக் கீழே இறக்கினாள். நாற்காலிக் கால்களில் ஒன்றுமில்லை. இருக்கையில் இருந்தது. முதுகுச் சாய்வில் இருந்தது. சாய்வுக்கும் மேலே ஒரு சாண் உயரத்தில், வெற்றுக் காற்றில், மிக அதிகமாக இருந்தது.

தலை இருக்கும் உயரம்.

போய்விட வேண்டும். பஸ் வரும் நேரம். எழுந்து நாலு எட்டு வைத்தால் கதவு. ஆனால் கதவுக்குப் போகும் வழி அந்த மூலையை உரசித்தான் போகும். வெளியே இரண்டு மணிச் சங்கு ஊதியது. அது ஓயும்போது மின்சாரமும் போயிற்று.

திரை அணைந்தது. கருவியின் சிறு விசிறி நின்றது. டவுன்ஷிப்பில் மின்சாரம் போவதே அபூர்வம். அவள் கம்பியை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு கைகளாலும் வயிற்றை அணைத்துக்கொண்டாள்.

அப்போது கேட்டது. லியோ எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கிழிந்த மெத்தை விடும் சத்தம்.

புஸ்ஸ்.

யாரோ எழுந்துவிட்டார்கள்.

அவள் மூச்சை அடக்கினாள். காலடி இல்லை. கன்வேயர் ஓசை. தன் இதயம். முழங்கால்மேல் லேசான வெதுவெதுப்பு. குனிந்து பேசுபவரின் மூச்சைப்போல. பிறகு அதுவும் இல்லை.

மின்சாரம் வந்தது. கணினி தானாகவே உயிர்த்தது, கருவியும் முணுமுணுக்கத் தொடங்கியது. கோடு வருவதற்கு ஒரு நிமிடம் பிடித்தது. அந்த ஒரு நிமிடம் அவள் அருள் நிறைந்த மரியே ஜெபத்தைப் பாதி பாதியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோடு வந்ததும், மடியிலிருந்த மூக்கை எடுத்து, சேலைமேல், வயிற்றின் நடுவில் வைத்தாள். மற்ற எதையும்விட அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தட்டை.

இன்னொரு முறை அழுத்தி வைத்தாள். தட்டை. சுத்தமான பூஜ்யம். கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. "ஒன்னும் இல்லடா. ஒன்னும் இல்ல கண்ணு. அம்மா இருக்கேன்" என்று வயிற்றிடம் சொன்னாள். இனி எழுந்து போய்விடலாம். வழி எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கையை மூலைப்பக்கம் நீட்டினாள்.

கோடு எழும்பவில்லை. கீழே போயிற்று.

அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒரு குழி. பூஜ்யத்துக்கும் கீழே, ஆழமாக.

அவள் அதையே பார்த்தாள். ஒன்றுமில்லாததைவிடக் குறைவாக எது இருக்க முடியும்? திரையின் ஓரத்தில் ஒரு சிறிய கட்டம். அதில் ஒரு டிக். 'கழி'.

லியோ வைத்த ஏற்பாடு அது. கணினி அணைந்து மறுபடி உயிர்த்தால், கேட்காமலே ஒரு நிமிடம் இருட்டை எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு காட்டும் எல்லாவற்றிலிருந்தும் அதைக் கழிக்கும். அந்த இருட்டில் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவும் இருக்கும் இடத்தில் தட்டை. எதுவுமே இல்லாத இடத்தில் குழி.

மூலையில் எதுவுமே இல்லை.

அந்த ஒரு நிமிடம், இருட்டை எடுத்தபோது, மூக்கு எங்கே இருந்தது?

மடியில். வயிற்றைப் பார்த்து.

சுட்டுவிரலால் டிக்கை எடுத்தாள். குழி மறைந்தது. மூலை தட்டையாயிற்று. அவள் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக, லியோவின் நாற்காலி காலியாக இருந்தது.

கையைத் திரும்பக் கொண்டுவர வெகுநேரம் ஆயிற்று. உலோக மூக்கு சேலையைத் தொட்டது.

கோடு திரையின் உச்சியில் போய் முட்டியது.

பிள்ளை அசையவில்லை. காலையிலிருந்து உதைத்த பிள்ளை. அவள் காத்திருந்தாள். திரையில் சிவப்பு மெல்லத் தணிந்தது, மெல்ல உயர்ந்தது, இருக்கையில் பின்னால் சாய்ந்து தனக்கு வசதி பார்த்துக்கொள்ளும் ஓர் ஆளைப்போல.

பிறகு, அவளுடைய விலா எலும்புகளுக்குக் கீழே, மிக மெதுவாக, அந்தச் சத்தம்.

புஸ்ஸ்.