மணிக்கட்டில் ஒரு கயிறு

"அடிப்பாவி! மாட்டைக் கட்டற மாதிரி எந்தம்பியைக் கட்டி வச்சிருக்கியே... நீ நல்லா இருப்பியா?"

புதிதாய் ஓடத் தொடங்கிய ரயிலில் ஆற்காட்டுச் சீமையிலிருந்து வந்திறங்கிய தாயம்மாளின் கூக்குரலோடுதான் அன்று தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பொழுது விடிந்தது. சுரங்கத்துப் பாறை சரிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வையும் நாவின் பேச்சையும் இழந்து கிடந்தான் தங்கவேலு. அவனுடைய இடக்கை மணிக்கட்டில் ஒரு கயிறு. அதன் மறுமுனை மூங்கில் தட்டிச் சுவரைத் துளைத்து வெளியே சென்றிருந்தது.

தண்ணீர்க் குடத்தோடு நுழைந்த அவன் மனைவி ரத்தினம்மா திகைத்து நின்றாள்.

"அண்ணி, அது வந்து..."

"பேசாதடி! இவனைக் கட்டிப் போட்டுட்டுக் கல்லு ஒடைக்கப் போறியாமே? இன்னா பொம்பளடி நீ? இப்பவே இவனை ஊருக்கு இட்டுனு போறேன்!"

கணவரைப் பிரிந்து ஓர் உயிரா! ரத்தினம்மாவுக்குக் கண் இருண்டது.

தாயம்மாள் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள். தங்கவேலு கையை வெடுக்கென்று பறித்துக் கயிற்றை விடாமல் இழுத்தான். அடுத்த வீட்டில் மணியொன்று கணகணவென்று அலறிற்று!

இரவு ஷிப்டு முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்த ஏசுபாதம் ஓடிவந்தார். மாவுக் கையோடு அவர் மனைவி மரியகுழந்தை. பின்னால் தொழிலாளர் குடிசை வரிசையான அந்த லைன் முழுவதும்.

"இன்னாப்பா தங்கவேலு? இன்னா ஆபத்து?"

"நாந்தாங்க ஆபத்து... இவன் அக்கா!" என்று சீறினாள் தாயம்மாள். "இவன் கை இன்னா பாவம் பண்ணிச்சு?"

"அந்தக் கயித்தை அவுத்தா அவன் வாயைக் கட்டின மாதிரிம்மா" என்றார் ஏசுபாதம். " மணியடிச்சுத்தான் நாங்க சொரங்கத்துக்குள்ள கேஜ்ங்கற கூண்டுல ஏறி எறங்கறோம். அதையே இங்க வச்சோம். ஒரு இழுப்புன்னா தண்ணி, ரெண்டுன்னா திருப்பிப் படுக்க வைக்கணும். மூணு ஷிப்டு ஓடற லைன்ல எப்பவும் யாராச்சும் வூட்ல இருப்போமில்ல?"

"நான் கத்தினாக் கூட எழுந்திருக்க மாட்டாரு, இந்த மணிக்கு மட்டும் ஓடியாறாரு!" என்றாள் மரியகுழந்தை. "முதுகைப் பாருங்கக்கா... ஒரு படுக்கைப் புண்ணு உண்டா?"

தாயம்மாள் தம்பியின் துணியை விலக்கினாள். எண்ணெய் மின்னிற்று அம்முதுகில், ஒரு வடுவுமில்லை. பொலபொலவென்று கண்ணீர் உதிர்ந்தது.

"எங்க வூட்டுக்காரரு படுத்துக் கெடந்து அழுகிச் செத்தாரே... நான் ஒருத்தி இன்னா செய்வேன்? ஒருத்தரும் எட்டிப் பாக்கலியே! அந்த வயித்தெரிச்சல்ல உன்னைப் பேசிட்டேன்டி... மன்னிச்சுடு தாயே!"

"அழாதீங்க அண்ணி..."

இருவரும் இறுகத் தழுவி அழுதனர். தங்கவேலுவின் கை தமக்கையின் பாதத்தைத் தேடித் தொட்டது.

தாயம்மாள் முந்தானையால் ரத்தினம்மாவின் முகத்தைத் துடைத்தாள்.

"கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கே... என்னிக்குத் தூங்கினே நீ? போய்ப் படு. இன்னிக்கு மொறை என்னுது."

இறைவனின் திருவருளை நெஞ்சாரப் போற்றிய ரத்தினம்மா, நெடுநாளைக்குப் பின் பட்டப்பகலில், அச்சமின்றிக் கண்மூடினாள்.