கிருமி முளைக்காத புட்டி

தான்யூப் ஆற்றங்கரையிலிருந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரியின் இதய வார்டுக் கதவைத் திறந்தால், அக்கரை ருமேனியாவில் கோழிகள் விடிந்துவிட்டதென்று கூவும், அப்படியொரு கிரீச்சு. காலை எட்டு மணிக்கு அதைத் தள்ளிக்கொண்டு டாக்டர் இவங்கா உள்ளே வந்தார்.

ஏழாம் கட்டிலில் படகோட்டி ஸ்தாமென். பல் பிடுங்கிய மறுவாரம் பிடித்த காய்ச்சல் ஒரு மாதமாக விடவில்லை. நகங்களுக்கடியில் முள் ஏறியதுபோல் சிவப்புக் கோடுகள். நெஞ்சில் குழாய் வைத்தால், துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே ஓட்டைத் துருத்தி ஊதுகிற சத்தம். இதய வால்வில் கிருமி குடியேறிவிட்டது. எந்தக் கிருமியென்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்கலாம். அதற்காக ரத்தத்தைப் புட்டியிலிட்டுக் கிருமி வளர இரண்டு முறை வைத்தும் எதுவும் முளைக்கவில்லை.

“இன்னும் எவ்வளவு எடுப்பீங்க, டாக்டரம்மா? ரத்த சாஸேஜ் கடை போடுறீங்களா?”

“பேசாம இருங்க. ஒங்க தெருவே சேந்து மிச்ச மாத்திரையெல்லாம் குடுத்துச்சே, அதான் கிருமி ஒளிஞ்சுக்கிச்சு. இங்க வந்தப்பறம் யாரும் ஒண்ணும் குடுக்கலயே?”

ஸ்தாமெனின் குரல் இறங்கியது.

“அந்தக்கா குடுக்குறது மட்டுந்தான்.”

“எந்தக்கா?”

“நீலக் கம்பளிச் சட்ட. நீங்க ஊசியோட வர்றதுக்கு முன்னாடி ஒரு மாத்திர வாயில போட்டுவிடுவாங்க. பாவம், அவங்க நகத்துலயும் இதே செவப்புக் கோடு.”

இவங்காவின் முதுகுத் தண்டில் ஆறே உறைந்தது.

டோத்கா.

ஜனவரியில், வால்வு கிழிந்து, நீலக் கம்பளிச் சட்டையோடு இதே கட்டிலில் செத்தவள். தலையணைக்கடியில் மருந்துக்கடையே வைத்து வார்டுக்கெல்லாம் பங்கு போட்டவள். அவள் புட்டியிலும் கடைசிவரை எதுவும் முளைக்கவில்லை.

ஸ்தாமெனின் வால்வு இன்னும் இரண்டு நாள் தாங்கலாம். அந்த இரண்டு நாளும் மருந்தே படாத ரத்தம் ஒரு புட்டி வேண்டும். கடைசிப் புட்டி.

இரண்டு நாளும் கட்டிலருகே நீளப் பெஞ்சில் இவங்கா காவல் இருந்தார். ஈ வந்தாலும் பெயர் கேட்டுத்தான் உள்ளே விட்டார்.

யாரும் வரவில்லை.

ஒருமுறை மட்டும், கம்பளித் துணிக்குள் போட்டுவைக்கும் பாச்சை உருண்டை வாசனை வந்து நின்றது.

மூன்றாம் நாள் காலை, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊசி குத்திப் புட்டியை நிரப்பினார்.

“பாத்தீங்களா, யாரும் வரல,” என்றார் மெல்ல.

ஸ்தாமெனின் உதட்டோரத்தில் வெள்ளைப் பொடி ஈரமாக ஒட்டியிருந்தது.

“வந்தாங்களே. நீங்கதான தள்ளி உக்காந்து எடம் குடுத்தீங்க.”

இவங்கா குனிந்து பார்த்தார்.

பெஞ்சின் ஓரத்தில், விழப்போகிறவர்போல் ஒட்டிக்கொண்டிருந்தது அவரேதான்.

காலியாகக் கிடந்த பக்கத்தில் கை வைத்தார்.

காய்ச்சலாய்க் கொதித்தது.